மதீனாவுக்கு அப்பால் ஒரு ஸ்டேஷன்

வெள்ளிக்கிழமைகளில் மாமா எங்கள் வீட்டுக்கு வருவது சாப்பிடவும் தூங்கவும்தான். சாப்பாடு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு ஹாலில் ஏசிக்கு நேர் கீழே ஒரு பாயை விரித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்தாரென்றால், மாலையில் அவருடைய கம்பெனி கேம்ப் பஸ் வரும்வரை எழும்பமாட்டார். டிவி சத்தம் அவரை ஒன்றும் செய்யாது. குளியலறைக்குப் போவதென்றால் நான் அவருடைய கால்களைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டும்போது வேண்டுமென்றே மிதித்தும் பார்த்திருக்கிறேன். அசையமாட்டார்.

"படுக்கிறதுக்கெண்டே ஒரு மனிசன்" என்று அப்பா சொல்வார். அதைச் சொல்கிற அப்பாவும் கொட்டாவியோடுதான் சொல்வார். அவருக்கு சவூதியில், யான்புவில் எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் டியூட்டி. ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு, அடுத்த கிழமை எது என்று கம்பெனி சொன்னால்தான் தெரியும். அம்மாவுக்கு வேலைக்குப் போகிற களைப்பு இல்லை; வெளியே போகாத களைப்பு. அப்பா காரை எடுத்தால்தான் அவர் வாசலைத் தாண்டுவார். இந்த மூன்று களைத்த மனிதர்களுக்கு நடுவில் களைப்பே தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு அப்போது பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி. வன்னியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சண்டையில் அந்தப் பாதை மூடப்பட்ட பிறகு, ரயில் இல்லாத ஊரில் மாஸ்டர் எதற்கு என்று கொஞ்சக் காலம் சும்மா இருந்துவிட்டு, அப்பா தேடிக்கொடுத்த விசாவில் இங்கே வந்தார். ஒரு கட்டடக் கம்பெனியின் ஸ்டோரில் ஆணி, பைப், சிமெண்ட் மூட்டைகளுக்குக் காவல். இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ரயிலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பெயர். அந்தச் சொல்லே மாமா வந்த பிறகு யார் வாயிலும் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தது. ஆங்கிலப் புத்தகத்தில், இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்து ரயில் நிலையத்தின் கதை. நிலையத்தைச் சுற்றிப் பூச்செடிகள், காலை வண்டியில் ஏற்றும் பால் கேன்கள், மாஸ்டருக்கு ஒரு பூனை. பிறகு எல்லோரும் கார் வாங்கிவிட, வண்டியில் ஏற ஆளில்லாமல் நிலையத்தை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே டீயும் கேக்கும் விற்கிறார்களாம். பாடத்தை முடித்த மிஸ், "எனக்குத் தெரிந்த ஒரு ரயில் நிலையம்" என்று இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ரயிலையே பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்தவள் ஜித்தா ஏர்போர்ட்டைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாள். எனக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. எங்கள் வீட்டில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரே பாயில் கிடக்கும்போது நான் ஏன் ஏர்போர்ட்டைப் பற்றி எழுதவேண்டும்?

அந்த வெள்ளிக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு மாமாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, உங்கட ஸ்டேசன் எப்பிடி இருந்தது?"

"ஸ்டேசன் மாதிரித்தான் இருந்தது."

"பூக்கண்டு இருந்ததோ? பூனை?"

"ஆடு வந்து போகும்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை.

இரண்டு பக்கத்துக்கு இது போதாது. அழுதுகொண்டு, தயிர் வாங்கிவருகிற சாக்கில் கீழே கடைக்குப் போனேன். கடை வைத்திருந்தவர் காயல்பட்டினத்துப் பக்கத்துக்காரர். கட்டடத்தில் எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். என் முகத்தைப் பார்த்து விசாரித்தவர், விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டார்.

"ஸ்டேஷன் இல்லேன்னு யாரு சொன்னா? மதீனாவத் தாண்டி அல்-உலா ஊருக்குப் போற ரோட்டுல வரிசையா கெடக்குமா! துருக்கிக்காரன் கட்டினது. டமாஸ்கஸ்லேர்ந்து ஹாஜிமாரு ரயில்லயே வந்து எறங்கினாங்க. பத்துப் பன்னெண்டு வருசம் ஓடியிருக்கும். அப்புறம் சண்ட வந்துச்சு, தண்டவாளத்தப் பேத்துட்டாங்க, கலாஸ், முடிஞ்சு போச்சு. இஞ்சின் இன்னும் மண்ணுல சாஞ்சு கெடக்கு. நானே பாத்திருக்கேன்."

தயிரை மறந்துவிட்டு மேலே ஓடினேன்.

அந்த நாட்களில் யான்புவை விட்டு வெளியூர் போவதென்றால் கபீலிடமிருந்து, அதாவது விசா கொடுத்த முதலாளியிடமிருந்து, ஒரு அனுமதிக் கடிதம் வேண்டும். அப்பாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. பத்து நாட்கள் நான் விடவில்லை. சாப்பிடமாட்டேன் என்றேன், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன். கடைசியில் அப்பா இரண்டு கடிதங்களையும் எப்படியோ எடுத்துவந்தார். "உவரையும் கூட்டிக்கொண்டு போவம். அவரின்ர வேலைதானே, விளங்கப்படுத்தட்டும்" என்றார். மாமா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஸ்டோரில் அவரிடம் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பதைப்போல, சொன்ன நேரத்துக்கு வந்து காரின் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

அப்பா இரவு டியூட்டி முடித்து வந்து இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. மாலை ஆறு மணிக்கு இன்னொருவருக்குப் பதிலாக மறுபடியும் டியூட்டி இருந்தது. கண்ணைக் கசக்கிக் கசக்கிக் காரை ஓட்டினார். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான பாதையால் மதீனாவைச் சுற்றிப்போய், வடக்கே திரும்பி, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனோம். இரண்டு பக்கமும் கறுப்பு மலைகள். எனக்குப் பக்கத்தில் மாமா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வந்தார்.

ஸ்டேஷன் என்று பாய் சொன்னது ஒரு சின்னக் கோட்டையைப்போல இருந்தது. கருங்கல்லில் கட்டிய சதுரமான கட்டடம், கதவில்லாத வாசல், சுவர் முழுக்க அரபியில் கிறுக்கல். சற்றுத் தள்ளி, இஞ்சின் ஒருபக்கமாகச் சாய்ந்து மணலில் பாதி புதைந்து கிடந்தது. தண்டவாளம் இல்லை. தண்டவாளம் போட்டிருந்த மேடு மட்டும் நேராக வடக்கே போய்க்கொண்டிருந்தது. பூச்செடி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்றும் நினைக்கவில்லை. ஒரு பெப்சி டின் காற்றில் உருண்டு உருண்டு சத்தம் போட்டது. வேறு எந்தச் சத்தமும் இல்லை.

அம்மா காரின் நிழலில் துணியை விரித்துப் புளிச்சாதத்தைத் திறந்தார். சாப்பிட்டதும் அப்பா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டார். நான் நோட்டுப் புத்தகத்தோடு மாமாவின் பின்னால் அலைந்தேன். "சனம் எங்க நிக்கிறது? ரிக்கற் எங்க குடுக்கிறது?" முதலில் ஓம், இல்லை என்றுதான் பதில் வந்தது. பிறகு, சுவரில் இருந்த ஒடுக்கமான ஜன்னலைக் காட்டி, டிக்கெட் கொடுக்கிற ஜன்னல் என்று நான் எழுதப்போனபோது, அவரால் பொறுக்கமுடியவில்லை.

"அது ரிக்கற் ஜன்னல் இல்லைப் பிள்ளை. துவக்கை நீட்டிச் சுடுற ஓட்டை. இதுக்குள்ளால ஆர் கையை விட்டு ரிக்கற் வாங்கிறது?"

அதற்குப் பிறகு அவருக்கு வேகம் வந்துவிட்டது. மேட்டின்மேல் ஏறி, காலால் அடி வைத்து அளந்தார். எங்கள் ஊர்ப் பாதையைவிட இது ஒடுக்கம் என்றார். இரண்டாவது பாதை ஒன்று இங்கே பிரிந்து போயிருக்கவேண்டும், எதிரில் வருகிற வண்டிக்கு வழிவிடுவதற்கு என்று, மணலில் ஒன்றுமே இல்லாத இடத்தைக் காட்டினார். ஓரிடத்தில் குந்தியிருந்து கையால் மணலைத் தோண்டி, துருவேறிய பெரிய ஆணி ஒன்றை எடுத்தார். சிலிப்பர்க் கட்டையில் தண்டவாளத்தைப் பிடித்து வைக்கிற ஆணி. அதை ஊதித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த உற்சாகத்தில் விளையாட்டு தொடங்கியது. யார் தொடங்கியது என்று ஞாபகம் இல்லை, நானாகத்தான் இருக்கவேண்டும். மாமா வாசல்படியில் உட்கார்ந்து, என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துச் சின்னச் சின்ன டிக்கெட்டுகள் ஆக்கினார். தேதி அடிக்கிற மெஷினுக்குப் பதிலாக நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம். அம்மா சிரித்துக்கொண்டே வந்து வரிசையில் நின்றார்.

"எங்க போறியள் அக்கா?"

"கொழும்புக்குத் தம்பி. ஜன்னல் பக்கம் வேணும்."

டக்.

எனக்கும் ஒன்று. அப்பாவையும் எழுப்பினோம். அவர் மணலைத் தட்டிக்கொண்டு வந்து, தனக்கு டமாஸ்கஸுக்கு ஒன்று வேண்டும் என்றார். மூன்று பேரும் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டின் ஓரமாக வரிசையாக நின்றோம். அம்மா வெட்டவெளியில் நின்று அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அப்பா கேட்டார்: "மாஸ்டர், என்ன, கோச்சி வருமோ?"

"வரும், வரும். கொஞ்சம் பிந்தி..."

அவ்வளவுதான். பாதியில் நின்றுவிட்டார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்கள் கைகளில் இருந்த டிக்கெட் துண்டுகளைப் பார்த்தார். பிறகு திரும்பி, கட்டடத்துக்குள் போய்விட்டார்.

விளையாட்டில் அடுத்தது ஏதோ வரப்போகிறது என்று நாங்கள் அப்படியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அப்பா உள்ளே போனார். வெளியே வந்து, "சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்." என்றார். பிறகு அம்மா போனார். அவர் அதிக நேரம் உள்ளே இருந்தார். வரும்போது மூக்கு சிவந்திருந்தது. சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கத் தொடங்கினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார்.

"நாலு மணித்தியால ஓட்டம். ஆறு மணிக்கு நான் கேற்றில நிக்கவேணும். கடிதமும் இண்டைக்கு மட்டும்தான். படுக்கிறதுக்கு வீட்டில இடமில்லையே இந்த மனிசனுக்கு?" அவர் குரல் உள்ளே கேட்கும்படியாகத்தான் இருந்தது.

நான் உள்ளே போனேன்.

வெளிச்சத்திலிருந்து வந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டுப் புழுக்கை நாற்றம். மாமா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். பேனா கையில் இருந்தது. ஒரு மாஸ்டரை ஒரு ஸ்டேஷனில் தனியாகப் பிடித்துவிட்டேன். இதைவிட்டால் சந்தர்ப்பம் கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

"மாமா, உங்கட ஸ்டேசனை மூடின நாள் என்ன நடந்தது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சொல்லவேண்டும் என்று சொன்னாரா, கேள்வி கேட்டவளுக்குப் பதில் கொடுத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சின்னக் குரலில் சொன்னார்.

"சனம் வந்திட்டுது பிள்ளை. சுத்துவட்டார ஊர்ச் சனம் எல்லாம், மூட்டை முடிச்சோட. பிளாற்போம் நிறைஞ்சு வெளியிலயும் நிண்டதுகள். விடியவே எனக்குப் போன் வந்திட்டுது. கோச்சி இங்கால வராது, அடுத்த ஸ்டேசனோட நிப்பாட்டியாச்செண்டு. நான் சொல்லேல்லை."

"ஏன்?"

"சொன்னால் நெரிபட்டுச் செத்துப்போங்கள் எண்டு பயம். பின்னேரம் எப்பிடியும் ஒரு கோச்சி விடுவாங்கள் எண்டும் நினைச்சன். பிந்தி வருதெண்டு சொன்னனான். கேட்ட ஆக்களுக்கு ரிக்கற்றும் குடுத்தனான். ரிக்கற் கையில இருந்தால் சனம் பேசாமல் இருக்கும். இடுப்பில பிள்ளையோட ஒரு மனிசி மூண்டு தரம் வந்து கேட்டது, மாஸ்டர் வருமோ, மாஸ்டர் வருமோ எண்டு. மூண்டு தரமும் வரும் எண்டனான். சொல்லியிருந்தால் காலமையே றோட்டால நடக்கத் தொடங்கியிருக்குங்கள்."

"பிறகு?"

"மத்தியானம் பிளேன் வந்தது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிளேன் எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை லீவில் எங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோவது அதுதான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மேகம் தெரியும், ஜூஸ் கொடுப்பார்கள். ரயில் வராத இடத்துக்குப் பிளேன் வந்துவிட்டதென்றால், இவர் எதற்காக இந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்? பெரியவர்கள் தங்களுக்குள் பேசும்போது அந்தப் பிளேனுக்கு வேறொரு சொல் வைத்திருந்தார்கள்: பொம்மர். குண்டு போடுகிற விமானம். எனக்காக அவர் அந்தச் சொல்லை மாற்றிச் சொன்னார் என்பது தெரிய எனக்கு இன்னும் நாலைந்து வருடங்கள் ஆயின.

மாமா கேட்டார்: "நான் செய்தது பிழைதானே பிள்ளை?"

பள்ளிக்கூடத்தில் கை தூக்கிப் பதில் சொல்கிறவள் நான். யோசிக்கவே இல்லை.

"பொய் சொல்லக்கூடாதுதான் மாமா. ஆனா பரவாயில்லை, பிளேன் வந்ததுதானே. எல்லாரும் ஏறினவையோ?"

இப்போது என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை" என்றார். "எல்லாரும் ஏறிட்டினம்."

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காற்சட்டையைத் தட்டிவிட்டு, என் கையைப் பிடித்து வெளியே வந்தார். அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர்களால் முடியாததை நான் செய்துவிட்டேன் அல்லவா!

கட்டுரையை நன்றாகத்தான் எழுதினேன். ரயில் வரவில்லை, மாஸ்டர் பொய் சொன்னார், ஆனால் கடைசியில் ஒரு விமானம் வந்தது, எல்லோரும் ஏறிக்கொண்டார்கள் என்று முடித்திருந்தேன். அடியில் விமானத்தின் படமும் வரைந்து, ஜன்னல்களில் சிரிக்கிற முகங்களை வைத்தேன். மிஸ் சிவப்பு மையில் 'அழகான முடிவு' என்று எழுதி, வகுப்பில் வாசிக்கவும் வைத்தார்.

மாமா அதற்குப் பிறகும் ஆறு வருடங்கள் யான்புவில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வருவார், சாப்பிடுவார், படுப்பார். ஒரே ஒரு வித்தியாசம், பாயை அப்பாவே விரித்து வைப்பார். டிவியையும் நிறுத்திவிடுவார். மாமா இப்போது வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார். நான் துபாயில், அல் கூஸில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விடுமுறை நாட்களில் மத்தியானம்வரை படுத்துக் கிடக்கிறேன். மூடிய அந்தப் பாதையை மறுபடியும் திறந்துவிட்டார்கள். போன லீவில் அந்த வழியாக ரயிலில் போனேன். மாமாவின் ஸ்டேஷனில் வண்டி இரண்டு நிமிடம் நின்றது. புதுப் பெயின்ட், புதுப் பெயர்ப்பலகை. நான் இறங்கவில்லை. வவுனியாவில் அவரைப் பார்த்தபோது அந்த நாளைப் பற்றிப் பேச வாயெடுத்தேன், "டியூட்டி எல்லாம் எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்கு அந்தப் பாலைவன ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரும்போது, கார் பெரிய சாலைக்கு ஏறியதுமே என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மாமா எனக்குப் பக்கத்தில் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். முன்சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்ததை, மாமா பிந்தி வருகிறது என்று பொய் சொன்னதை, டிக்கெட் கொடுத்ததை, இடுப்பில் பிள்ளையோடு மூன்று தரம் கேட்ட பெண்ணை. அந்த ஸ்டேஷனில் என்ன விழுந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்பதெல்லாம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முன்பே தெரியும். மாமா அதில் எப்படியோ தப்பியவர் என்றும் தெரியும். காலையில் வந்த போனைப் பற்றி மட்டும் அவர் இத்தனை வருடமும் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"ஆனா ஒண்டும் நடக்கேல்லை அப்பா. பிளேன் வந்து எல்லாரையும் ஏத்திக்கொண்டு போட்டுதாம்."

அம்மா அபாயாவின் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெயில் அவர் பக்கம்தான் அடித்தது. கொஞ்சத் தூரம் போனதும் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கி, மணலில் நாற்பது ஐம்பது அடி நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தலையைக் குனிந்து நின்றார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்து, நாகரிகம் தெரிந்த பெரிய பிள்ளையாக நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.